காலம் கடந்து ஒலிக்கும் வாசல் மணி

சித்தூரிலிருந்து ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தூரத்தில், பாஹுதா நதிக்கரையில், பதினோராம் நூற்றாண்டில் முதலாம் குலோத்துங்க சோழன் எழுப்பியதாகச் சொல்லப்படும் கோயிலில் எழுந்தருளியிருக்கும் காணிப்பாக்கம் வரசித்தி விநாயகரின் சந்நிதிக்கு, மற்றத் திருத்தலங்களில் அதிகம் காணாத ஒரு விசேஷம் உண்டு. திருட்டுப் பழிக்கு ஆளானவனும், வாங்கிய கடனை இல்லை என்று சாதிப்பவனும் திருக்குளத்தில் முழுகி எழுந்து, ஈரத் துணியோடு பிள்ளையார் முன்னால் நின்று பிரமாணம் செய்துவிட்டால் அதற்குமேல் அந்த வழக்கைப் பற்றிப் பேச்சில்லை என்பது இந்தப் பிராந்தியத்து ஜனங்கள் தலைமுறை தலைமுறையாகக் கொண்டிருக்கும் நம்பிக்கை. தமையனுடைய தோப்பில் கேட்காமல் மாம்பழம் பறித்துத் தின்ற லிகிதர், அரச தண்டனையால் இழந்த கைகளை இந்த நதியில் மூழ்கித் திரும்பப் பெற்றார் என்று ஸ்தலபுராணமும் சொல்கிறது. களவும் சாட்சியும் சத்தியமுமே இந்த ஊரின் கீர்த்திக்குக் காரணமாக இருந்துவந்திருக்கின்றன.

இந்த ஊரிலும் இதைச் சுற்றிய ஊர்களிலும், 1911-ஆம் ஆண்டில் சித்தூர் ஜில்லா உருவாவதற்கு முன்பு வட ஆற்காட்டைச் சேர்ந்திருந்த காலந்தொட்டு, வீட்டில் தமிழும் வீதியில் தெலுங்குமாகப் பேசி வாழ்ந்துவரும் குடும்பங்களின் வாசல்களில், மஞ்சள் பூசிய நிலைக்கும் மாவிலைத் தோரணத்துக்கும் பக்கத்தில், வருவோர் போவோருக்கு இன்னொரு விதச் சாட்சியாக, கண்ணாடிக் கண் பதித்த ஒரு சிறு கறுப்புப் பெட்டியை இப்போது காணலாம். பெங்களூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் கடல் கடந்த ஊர்களிலும் உத்தியோகம் பார்க்கும் பிள்ளைகள், வயது முதிர்ந்த பெற்றோரைத் தனியாக விட்டுவந்தோமே என்ற கவலையினால் வாங்கி மாட்டிக்கொடுத்த வீடியோ காலிங் பெல் அது. வாசலில் யார் வந்து நின்றாலும், எவர் பொத்தானை அழுத்தினாலும், அந்தக் கணமே பிள்ளையின் கைப்பேசியில் செய்தி வரும் என்பது விற்பவர்கள் தரும் வாக்கு. ஆனால் எத்தனையோ வீடுகளில் அந்தச் செய்தி ஐந்து நிமிஷமும் பத்து நிமிஷமும் சில சமயம் அதற்கு மேலும் பிந்தியே வந்து சேருகிறது. இதை ஓர் அற்ப அசௌகரியமாகக் கருதி விட்டுவிடலாகாது என்பதும், தாமதத்தின் பெரும்பகுதியை வீட்டிலேயே நிவர்த்தி செய்துகொள்ள முடியும் என்பதும், எஞ்சிய பகுதிக்கு உற்பத்தியாளர்களையும் அரசாங்கத்தையும் பொறுப்பேற்கச் செய்ய வேண்டும் என்பதுமே என் அபிப்பிராயம்.

கோயிலுக்குச் சற்று தூரத்தில் ஒரு சந்தில் இருக்கும் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். எழுபது வயதைக் கடந்த, காது மந்தமான தாயார் அங்கே தனியாக இருக்கிறார், மகன் பெங்களூரில். ஒரு நாள் முற்பகலில் கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் இரண்டு முறை மணியை அழுத்தி, குரல் கொடுத்துப் பார்த்து, பதில் வராமற்போகவே சிலிண்டரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். மகனுடைய போனில் அறிவிப்பு வந்தது ஏறக்குறைய கால்மணி நேரம் கழித்து. அவர் பதறிப்போய், "அம்மா, வாசல்ல யாரோ நிக்கிறாங்க, போய்ப் பாரும்மா" என்றார். முழங்கால் வலியோடு எழுந்துபோய்க் கதவைத் திறந்த தாயார், "யாருமே இல்லையேப்பா" என்றார். வந்தது யார், எங்கே போனார், வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்கட்டுக்குப் போயிருப்பாரோ என்று இரண்டு இடங்களிலும் இரண்டு மனங்கள் கலங்கிய கலக்கத்துக்கு, இடையில் கழிந்துபோன அந்தக் கால்மணி நேரமே காரணம். வந்தவர் சிலிண்டர்க்காரராக இருந்தது அன்றைக்கு அவர்களுடைய அதிர்ஷ்டம்.

வாசலுக்குக் காமிரா வைக்கும் யோசனை பிறந்ததே உதவி தாமதமாக வருகிறது என்ற துன்பத்திலிருந்துதான். நியூயார்க் நகரத்தின் குவீன்ஸ் பகுதியில் வசித்துவந்த மேரி வான் பிரிட்டன் பிரவுன் என்ற நர்ஸ், தாமும் கணவர் ஆல்பர்ட்டும் வெவ்வேறு நேரங்களில் வேலைக்குப் போகவேண்டியிருந்ததால் இரவில் தனியாக இருக்க நேர்ந்தபோது, போலீசாரைக் கூப்பிட்டால் அவர்கள் வந்துசேர வெகுநேரம் ஆகிறதென்று கண்டு, 1966-ஆம் ஆண்டில் ஒரு சாதனத்துக்குக் காப்புரிமை கோரினார். கதவில் வெவ்வேறு உயரங்களில் துளைகள், அவற்றுக்கு நேரே மேலும் கீழும் நகரும் காமிரா, படுக்கையறையில் டெலிவிஷன் திரை, வெளியே நிற்பவரோடு பேச மைக்ரோபோன், ஆபத்தென்றால் காவலருக்கு அறிவிக்க ஒரு பொத்தான் என்று அமைந்த அந்தச் சாதனத்துக்கு 1969 டிசம்பர் 2-ஆம் தேதி காப்புரிமை வழங்கப்பட்டது. இன்றைய வாசல் மணிகள் எல்லாவற்றுக்கும் முன்னோடி அதுவே. அதில் படம் கதவிலிருந்து நேரே படுக்கையறைக்குப் போயிற்று. இன்றைய மணியிலோ, பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருக்கும் வீட்டுக்காரருக்குப் போகவேண்டிய செய்திகூடப் பெரும்பாலும் வீட்டை விட்டு வெளியேறி, ரவுட்டர் வழியாக இணையத்துக்கும், அங்கிருந்து மணி செய்த கம்பெனியின் சர்வருக்கும், அங்கிருந்து கூகுள் அல்லது ஆப்பிள் நடத்தும் அறிவிப்புச் சேவைக்கும் போய், அதற்குப் பிறகே கைப்பேசிக்கு வருகிறது.

'சர்வர் அமெரிக்காவில் இருக்கிறது, அதனால்தான் லேட்டாகிறது' என்று படித்தவர்களே சமாதானம் சொல்லிக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். இது சரியன்று. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. செய்தி அமெரிக்காவுக்குப் போய்த் திரும்பினாலும் அரை நொடிக்குள் காரியம் முடிந்துவிடும். நிமிஷக்கணக்கில் தாமதமாகிறதென்றால் செய்தி வழியில் ஓரிடத்தில் நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது என்றே பொருள். அந்த இடம் எது என்று கண்டுகொண்டால் பாதி வேலை முடிந்தது.

அதைக் கண்டுபிடிக்க எலக்ட்ரீஷியனும் வேண்டாம், இஞ்சினியரும் வேண்டாம். செயலியைத் திறந்து, அந்தச் சம்பவத்தின் வீடியோவில் பதிவாகியிருக்கும் நேரத்தையும், போனில் அறிவிப்பு வந்த நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். வீடியோ சரியான நேரத்தில் பதிவாகி, அறிவிப்பு மட்டும் பிந்தியிருந்தால் குற்றம் அநேகமாகப் போனின் பக்கம். வீடியோவே பிந்தியிருந்தால், அல்லது வந்தவர் முதுகைக் காட்டிக்கொண்டு திரும்பிப் போகும் காட்சி மட்டுமே அதில் இருந்தால், குற்றம் மணியின் பக்கம், அல்லது வீட்டு வைஃபையின் பக்கம். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் மணியைக் கழற்றி மாற்றுவதும், இணைய இணைப்பை மாற்றுவதும், கடைக்காரரோடு சண்டை பிடிப்பதும் வீண் சிரமம்.

மணியின் பக்கத்தை முதலில் பார்ப்போம். நம் வீடுகளில் பழைய காலிங் பெல் 230 வோல்ட் மின்சாரத்தில் ஓடுவது. வயரில் இயங்கும் வீடியோ மணிகளில் பலவும் மிகக் குறைந்த வோல்ட் கேட்பவை. நடுவில் தகுந்த டிரான்ஸ்ஃபார்மர் வைக்காமல் பழைய வயரில் இணைத்தால் சாதனம் எரிந்துபோகும். இந்தத் தொல்லைக்குப் பயந்து பலரும் பேட்டரியில் ஓடும் மணியையே வாங்குகிறார்கள். பேட்டரி சீக்கிரம் தீராமலிருக்க அந்த மணி பெரும்பாலான நேரம் தூங்கிக்கொண்டே இருக்கும்; எதிரே ஓர் உடலின் உஷ்ணம் அசைவதை அதன் உணரி கண்டுகொண்ட பிறகோ, யாராவது பொத்தானை அழுத்திய பிறகோதான் விழித்து, வைஃபையைப் பிடித்து, காமிராவைத் திறக்கிறது. இதற்குச் சில நொடிகள் ஆகும். இதில் நம் பிராந்தியத்துக்கே உரிய ஒரு சங்கடம் இருக்கிறது. இந்த உணரி சுற்றுப்புறத்து உஷ்ணத்துக்கும் மனித உடலின் உஷ்ணத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கொண்டே ஆள் வந்ததை அறிகிறது. மனித உடலின் உஷ்ணம் 37 டிகிரி. சித்தூர், திருப்பதிப் பக்கத்தில் மே மாத மத்தியானத்தில் வெயில் 40 டிகிரியைத் தொடும். வித்தியாசம் குறையக் குறைய உணரியின் கூர்மையும் குறைகிறது. குளிர்தேசத்தில் பரிசோதித்துச் சொன்ன தூரத்தை நம் அக்கினி நட்சத்திரத்தில் எதிர்பார்க்க முடியாது. மேலும், இந்த உணரி தன் பார்வைக்குக் குறுக்கே நடப்பவரை உடனே காணும்; நேராகத் தன்னை நோக்கி வருபவரைச் சற்றுத் தாமதித்தே காணும். ஆகையால் வாசற்பாதைக்கு நேரெதிரே மாட்டுவதைவிட, பாதையைக் குறுக்காகப் பார்க்கும்படி சிறிது சாய்த்து, நேர்வெயில் படாத இடத்தில் மாட்டுவது நல்லது. பேட்டரிக்கும் அதுவே ஆரோக்கியம்.

வைஃபையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் ரவுட்டர் நடுக்கூடத்தில் டெலிவிஷனுக்குப் பின்னாலோ உள்ளறை அலமாரியின் மேலோ இருக்கும்; மணியோ திண்ணைக்கு வெளியே, கனத்த சுவருக்கும் இரும்புக் கிரில்லுக்கும் அப்பால் இருக்கும். இரும்பு அந்த அலைகளுக்குப் பரம விரோதி. ரவுட்டரில் 2.4, 5 என்று இரண்டு அலைவரிசைகள் இருந்தால், சுவரைக் கடப்பதில் தேர்ந்த 2.4-ஐ மணிக்குக் கொடுக்க வேண்டும். பல செயலிகள் மணிக்குக் கிடைக்கும் சிக்னலின் பலத்தை ஓர் எண்ணாகக் காட்டும். அது மைனஸ் 60-க்கு மேல், அதாவது 50, 40 என்ற பக்கமாக இருந்தால் கவலையில்லை. 70-ஐ நோக்கிப் போனால் ரவுட்டரை வாசல் பக்கத்து அறைக்கு நகர்த்தவோ, நடுவில் ஓர் எக்ஸ்டெண்டர் வைக்கவோ வேண்டும். கிராமங்களில் இவை எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் ஒன்றுண்டு: கரண்ட் போவது. மணியில் பேட்டரி இருக்கிறது, போனில் பேட்டரி இருக்கிறது, இரண்டுக்கும் நடுவே உள்ள ரவுட்டர் மட்டும் அணைந்துவிடுகிறது. ரவுட்டருக்கென்றே விற்கும் மினி யுபிஎஸ் ஒன்றை வாங்கி வைத்தால் சில மணி நேரத்து மின்வெட்டைத் தாங்கும். மணிக்குக் கொடுத்த விலையோடு ஒப்பிட்டால் அது சொற்பச் செலவு.

இனி போனின் பக்கம். என் அனுபவத்தில் பெரும்பாலான வீடுகளில் குற்றவாளி இதுவே. 2015-இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 6 முதற்கொண்டு, சார்ஜரில் போடாமல், திரை அணைந்து, அசையாமல் கிடக்கும் போன் தானாகவே ஆழ்ந்த ஓய்வுக்குப் போய்விடுகிறது. செயலிகள் இணையத்தைத் தொடுவதற்கு இடையிடையே சிறிது அவகாசம் மட்டுமே தரப்படுகிறது. கூகுளின் அறிவிப்புச் சேவை, எல்லா வீட்டுக் கடிதங்களையும் ஒரே பையில் சுமந்துவரும் தபால்காரரைப் போன்றது. கடிதத்தின்மேல் 'அவசரம்' என்று எழுதியிருந்தால் தூங்கும் போனையும் தட்டி எழுப்பிக் கொடுப்பார், சாதாரணக் கடிதமானால் அடுத்த வேளைக்கு ஒத்திவைப்பார். வாசலில் ஆள் நிற்கிறார் என்ற செய்திக்கு அவசர முத்திரை போடாமல் அனுப்பும் செயலி இருக்குமானால் அதற்குப் பொறுப்பு அதைச் செய்தவர்களுடையதே. 2018-இல் வந்த ஆண்ட்ராய்டு 9 இன்னும் ஒரு படி மேலே போய், நாம் அதிகம் திறக்காத செயலிகளைத் தனியே பிரித்து அவற்றின் சலுகைகளைக் குறைத்தது. இவற்றுக்கும் மேலாக, நம் நாட்டில் விற்கும் பல போன்களில் உற்பத்தியாளர்கள் பேட்டரியை மிச்சப்படுத்தத் தங்கள் சொந்தக் கட்டுப்பாடுகளையும் சேர்த்திருக்கிறார்கள். திறந்திருக்கும் செயலிகளை எல்லாம் விரலால் தள்ளித் துடைத்துவிடும் பழக்கம் நம்மிடம் வேரூன்றியிருப்பதால், சில போன்களில் அந்தச் செயலி அடியோடு நிறுத்தப்பட்டு, மறுபடி நாமே திறக்கும் வரையில் மௌனமாகக் கிடக்கிறது.

மேலே சொன்ன பெங்களூர் மகனின் போனிலும் இதுவே நடந்தது. போன் கையில் இருக்கும்போது மணி அடித்தால் இரண்டு மூன்று நொடிகளில் செய்தி வந்தது. மேஜைமேல் ஒரு மணி நேரம் கிடந்த பிறகு அடித்துப் பார்த்தபோது வரவில்லை. பரிகாரம் எளிது. போனின் செட்டிங்ஸில் அந்தச் செயலியின் பக்கத்துக்குப் போய், பேட்டரி என்ற இடத்தில் 'அன்ரெஸ்ட்ரிக்டட்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 'ஆட்டோஸ்டார்ட்' என்று ஒன்றிருந்தால் அதை அனுமதிக்க வேண்டும். 'டேட்டா சேவர்' போட்டிருந்தால் அதிலிருந்து இந்தச் செயலிக்கு விலக்குக் கொடுக்க வேண்டும். சமீபச் செயலிகளின் வரிசையில் அதற்குப் பூட்டுப் போடும் வசதி இருந்தால் போட்டுவைக்க வேண்டும். ஐபோன் வைத்திருப்பவர்கள், 2021 முதல் அதில் உள்ள 'ஷெட்யூல்டு சம்மரி' என்ற ஏற்பாட்டில் இந்தச் செயலி சேர்ந்திருக்கிறதா என்று பார்க்கட்டும். சேர்ந்திருந்தால் காலையில் அடித்த மணி மாலைப் பொட்டலத்தில் வரும். இவ்வளவும் செய்த பிறகும் ஆபீஸ் வைஃபையில் இருக்கும்போது மட்டும் தாமதமாகிறதென்றால், வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் சோதித்துப் பார்க்க வேண்டும். பேச்சின்றி இருக்கும் இணைப்பைச் சில ரவுட்டர்கள் போனுக்குத் தெரியாமலே துண்டித்துவிடுவதுண்டு, போன் மறுபடி தொடர்புகொள்ளும் வரையில் செய்தி காத்துக் கிடக்கும்.

காணிப்பாக்கம் போன்ற க்ஷேத்திரத்தில் வசிப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. விநாயக சதுர்த்தியன்று தொடங்கி 21 நாள் நடக்கும் பிரம்மோற்சவத்தில் வீதியெங்கும் யாத்திரிகர் கூட்டம்; சாதாரண நாளிலும் சந்நிதித் தெருக்களில் நடமாட்டம் ஓயாது. மணி தெருவையே பார்த்துக்கொண்டிருந்தால், கடந்துபோகும் ஒவ்வொருவருக்கும் ஓர் அறிவிப்பு வரும். சலிப்படைந்த பிள்ளை அறிவிப்புச் சத்தத்தை அணைத்துவிடுவார். அதோடு, ஒரு பதிவுக்கும் அடுத்த பதிவுக்கும் நடுவே இளைப்பாறும்படி அமைந்த பேட்டரி மணி, யாரோ ஒரு வழிப்போக்கருக்காக விழித்துவிட்டு ஓய்வில் இருக்கும் சமயத்திலேயே உண்மையான விருந்தினர் வந்து நிற்கக்கூடும். செயலியில் 'மோஷன் ஸோன்' என்றிருப்பதைத் திறந்து, நம் படிக்கட்டும் கேட்டும் மட்டும் அடங்கும்படி எல்லையைக் குறுக்கிவிட்டால் இத்தனையும் தீரும். ஊராருடைய போக்குவரத்தை நம் வீட்டுச் சுவர் உளவு பார்க்காமலிருப்பதும் ஒரு மரியாதை.

எவ்வளவு சீர்திருத்தினாலும், முதல் செவி வீட்டுக்குள்ளேயே இருக்கவேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பல மணிகளோடு, சுவர் பிளக்கில் செருகும் ஓர் ஒலிப்பெட்டியும் வருகிறது, அல்லது தனியாக விற்கிறது. இணையத்தை நம்பாமல் மணியிலிருந்து நேரே ரேடியோ அலையில் செய்தி வாங்கி ஒலிக்கும் வகையாகப் பார்த்து, காது மந்தமானவர்கள் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில், சமையலறையில் ஒன்றும் கூடத்தில் ஒன்றுமாக, முழுச் சத்தத்தில் வைக்க வேண்டும். அந்தச் சந்து வீட்டில் கூடத்து மூலையில் இப்போது அப்படி ஒன்று இருக்கிறது. சிலிண்டர் திரும்பிப் போவதில்லை.

ஆனால் இவ்வளவையும் ஒரு குடும்பஸ்தர் தாமே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும் என்பது நியாயமா? நாம் வசிக்கும் இந்தப் பிராந்தியமே இப்பொருள்கள் பிறக்கும் இடம். அப்போது சித்தூர் ஜில்லாவிலும் 2022 முதல் திருப்பதி ஜில்லாவிலும் அடங்கிய ஸ்ரீசிட்டியில் 2015-லேயே கைப்பேசிகள் தயாராகத் தொடங்கிவிட்டன. திருப்பதியிலும் பிறகு கடப்பைக்கு அருகே கொப்பர்த்தியிலும் கண்காணிப்புக் காமிராக்கள் தயாராகியிருக்கின்றன. மணியின் அட்டைப்பெட்டியில் எத்தனை மெகாபிக்ஸல், எத்தனை டிகிரி அகலம், இருட்டில் எத்தனை அடி தெரியும் என்றெல்லாம் அச்சிடுகிறார்கள். பொத்தானை அழுத்தியதிலிருந்து போன் ஒலிக்கும் வரை எத்தனை நொடி என்பதை மட்டும் அச்சிடுவதில்லை. வாங்குபவருக்கு அதைவிட முக்கியமான எண் வேறென்ன இருக்க முடியும்? மத்திய அரசாங்கம் 2024 ஏப்ரலில் பிறப்பித்து, 2025 ஏப்ரல் 9 முதல் அமலுக்கு வந்த உத்தரவின்படி, நம் நாட்டில் விற்கும் கண்காணிப்புக் காமிராக்கள் அந்நியர் ஊடுருவாதபடி பாதுகாப்பானவையா என்று பரிசோதிக்கப்பட வேண்டும். மிக நல்ல ஏற்பாடு. அந்தப் பரிசோதனையின் நோக்கம் இரகசியக் காப்பு. காலந்தவறாமைக்கும் அதைப்போல ஒரு பரிசோதனை வேண்டும். போன் ஓய்வில் இருக்கும் நிலையில், 40 டிகிரி உஷ்ணத்தில், சாதாரண வீட்டு இணைப்பில் அறிவிப்பு வர எத்தனை நொடி ஆகிறது என்று அளந்து பெட்டியின்மேல் அச்சிடும்படி இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஒரு விதி வகுக்கலாம். வீடியோவின் நேரத்துக்கும் அறிவிப்பு வந்த நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைச் செயலியே கணக்கிட்டு, 'உங்கள் போனின் பேட்டரிக் கட்டுப்பாடு காரணமாகத் தாமதமாகிறது' என்று தமிழிலும் தெலுங்கிலும் எச்சரிக்கலாம்; இதைச் செய்வதற்குப் புதிய விஞ்ஞானம் எதுவும் தேவையில்லை, மனம் இருந்தால் போதும்.

அந்த விதி வரும்வரை பொறுப்பு பிள்ளைகளுடையது. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஒரு மணி நேரத்தை இதற்கென்று ஒதுக்குங்கள். போனை மேஜைமேல் அசையாமல் கிடத்திவிட்டு, அம்மாவோடு பேசிக்கொண்டிருந்து, ஒரு மணி நேரம் கழிந்த பிறகு யாரையாவது வாசலில் மணி அடிக்கச் சொல்லுங்கள். போன் ஒலிக்க எத்தனை நொடி ஆகிறது என்று பாருங்கள். பத்து நொடிக்கு மேலானால் மேலே சொன்னவற்றை ஒவ்வொன்றாகச் சரிசெய்து, மறுபடி சோதித்து, பக்கத்து வீட்டுக்காரரின் நம்பரையும் உங்கள் போனில் பதிந்துகொண்டு, அதற்குப் பிறகு பஸ் ஏறுங்கள்.